ஆற்று மடுவும் கமக்காரரும்

வயலுக்குப் பாய்ச்சிய நீர் வயலோடு நின்றுவிடுவதில்லை. அது வரம்பைக் கடந்து கழிவாய்க்காலை அடைகின்றது. அங்கிருந்து ஓடைக்கும், ஓடையிலிருந்து ஆற்றுக்கும் செல்கின்றது. வயலிலும் தோட்டத்திலும் இட்டவற்றில் ஒரு பகுதியையும் அது தன்னுடன் கொண்டுசெல்லும். ஆற்று மடுக்களில் மீன் அருகிப்போகுமாயின், மேட்டிலுள்ள வயல்களிலும் தோட்டங்களிலும் என்ன நடைபெறுகின்றதென்று ஆராய்ந்து பார்த்தல் கமக்காரருக்கு நன்று.

மன்னார் மாவட்டத்துக் கமக்காரர் அருவியாற்றை நன்கு அறிவர். சிங்களத்தில் மல்வத்து ஓயா என வழங்கும் இவ்வாறு 164 கிலோமீற்றர் நீளமுடையது. இலங்கையில் மகாவலிக்கு அடுத்தபடியாக நீண்ட ஆறு இதுவே. அனுராதபுரத்தைக் கடந்து வடமேற்குத் திசையாக ஓடி, அரிப்புக்கு அண்மையிற் கடலோடு கலக்கின்றது. தேக்கம் அணைக்கட்டில் மறிக்கப்படும் இதன் நீர், பழம்பெருங் குளமாகிய கட்டுக்கரைக் குளத்துக்குத் திருப்பப்படுகின்றது. கடலை நெருங்குமிடத்தில் ஆற்றுக்கு வடக்கே நானாட்டான் பகுதியும் தெற்கே முசலிப் பகுதியும் உள்ளன. மாரியில் இரு கரைகளுக்கும் இடையே வெள்ளம் பெருகி நிற்கும். கோடை முற்றியதும் மணற்படுகை வெளிப்பட, மருத மர நிழலிற் சில மடுக்கள் மாத்திரமே எஞ்சும். மழை மீண்டும் வரும்வரை ஆற்று மீன் அம்மடுக்களிலேயே உயிர்தாங்கி இருக்கின்றது.

முப்பது ஆண்டுகளின் பின்

அத்தகைய மடுவொன்றின் கரைக்கு, ஆவணி மாதத்து விடியற்காலையொன்றில், இரு கமக்காரர் தூண்டிலுடன் வந்தனர். இருவரும் ஐம்பது வயதைக் கடந்தவர்கள். ஒருவர் வடகரையைச் சேர்ந்த தமிழர். மற்றவர் தென்கரையைச் சேர்ந்த முஸ்லிம். இளமையில், ஆறு வற்றியவுடன் இருவரும் இரு கரைகளிலிருந்தும் மணலில் இறங்கி நடுவே சந்திப்பது வழக்கம். மயிற்பீலித் தண்டே அவர்களுக்கு மிதப்பு. வாழைமடலில் ஈரமண்ணும் மண்புழுவும் இருக்கும். வெயில் ஏறுமுன் இருவர் வீட்டுக் கறிக்கும் போதிய மீன் கிடைத்துவிடும்.

1990 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வடமாகாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, தென்கரை நண்பரும் குடும்பத்துடன் புத்தளத்துக்குச் செல்ல நேர்ந்தது. கற்பிட்டியில் வெங்காயத் தோட்டங்களிலும் மிளகாய்த் தோட்டங்களிலும் அவர் கூலிக்கு உழைத்தார். வடகரை நண்பரும் ஊரில் நிலையாக இருக்க முடிந்தவரல்லர். போரினாற் பலமுறை இடம்பெயர்ந்தார். 2009 ஆம் ஆண்டிற் போர் முடிவுற்ற பின்னரே இருவரும் தத்தம் ஊருக்குத் திரும்ப முடிந்தது. காடு மண்டிய காணியைத் துப்புரவாக்குதல், வீடு கட்டுதல், பிள்ளைகளைப் படிப்பித்தல் ஆகியவற்றிலேயே பின்னும் பல ஆண்டுகள் கழிந்தன. தூண்டிலைக் கையிலெடுக்க அவர்களுக்கு ஓய்வு கிடைத்தது அண்மையிலேதான்.

உச்சிவேளை வரை அவர்கள் காத்திருந்தனர். கிடைத்தவை கையளவான மூன்று திலாப்பியா மீன்களே. கெண்டை கடிக்கவில்லை. கெளுத்தி கடிக்கவில்லை. தென்கரை நண்பர் முப்பது ஆண்டுகளாக மறவாதிருந்த விராலின் அசைவு மடுவில் ஓரிடத்திலேனும் தென்படவில்லை.

“ஆறு மாறிவிட்டது, மச்சான். நாங்கள் அறிந்த ஆறு அல்ல இது,” என்றார் வடகரை நண்பர்.

தென்கரை நண்பர் கரையை நோக்கினார். மடுவுக்கு மேலே, பத்து அடி தொலைவில், நண்பரின் கத்தரித் தோட்டம் இருந்தது. நீரோரச் சேற்றில் மருந்துப் போத்தலொன்று பாதி புதைந்து கிடந்தது.

“தெளிகருவியை எங்கே கழுவுகிறாய்?” என்று அவர் கேட்டார்.

“இங்கேதான். கோடையில் வேறெங்கே தண்ணீர் இருக்கிறது?”

சிறிது நேரம் சென்றபின் வடகரை நண்பர் தாமாகவே ஒன்றைக் கூறினார். இரண்டு கிழமைகளுக்கு முன்னர் மடுவிற் சிறுமீன்கள் செத்து மிதந்தன. வெயிலில் நீர் சூடேறியதால் இறந்தன என்று அவர் எண்ணியிருந்தார்.

“கற்பிட்டியில் மணலில் இட்ட பசளை கிணற்று நீரிற் சேர்ந்தது,” என்றார் தென்கரை நண்பர். “நீரைச் சோதித்தவர்கள் நைத்திரேற்று மிகுந்துவிட்டது என்றார்கள். மணல் எதனையும் தடுத்து வைப்பதில்லை. இதுவும் மணல்தானே, மச்சான்.”

வடகரை நண்பருக்குக் கோபம் வந்தது. “காயிற் புழு விழுந்தால் ஒருவரும் வாங்கமாட்டார்கள். நான் பட்ட கடனை மீனா கட்டும்?” என்றார்.

அக்கேள்விக்குத் தென்கரை நண்பரிடம் விடை இருக்கவில்லை. கேள்வி நியாயமானது என்பதை அவரும் அறிவார். அடுத்த நாள் இருவரும் கமநல சேவை நிலையத்துக்குச் சென்று, அதே கேள்வியை விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டனர். அவர் விளக்கியவை ஏனைய கமக்காரருக்கும் பயன்படத்தக்கவை.

வெயில் மாத்திரம் காரணமன்று

கோடையில் மடு நீர் சூடேறுவதும், அதிற் கரைந்துள்ள காற்றுக் குறைவதும், அதனாற் சிறுமீன்கள் சில இறப்பதும் இயல்பு. ஆனால் விரால் அவ்வாறான மீனன்று. அது நீர்மட்டத்துக்கு வந்து வெளிக்காற்றையும் சுவாசிக்க வல்லது; நீர் வற்றிச் சேறாகிய இடத்திலும் சிலகாலம் உயிர்வாழும். பனையேறி மீனும் அத்தகையதே. இவையும் காணப்படாத மடுவில் வெயிலை மாத்திரம் குறை கூறுதல் பொருந்தாது. சிறுகண் வலைகளால் குஞ்சும் குறுமீனும் வாரப்படுதல் ஒரு காரணமாகலாம். நஞ்சு மற்றொரு காரணமாகலாம். பல இடங்களில் இவ்விரண்டும் சேர்ந்தே தீங்கு விளைக்கின்றன.

1952 ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா, பிற மீன்கள் தாங்காத சூழலையும் ஓரளவு தாங்கும். அது பாசியையும் மக்கிய இலைகுழைகளையும் தின்று வாழும். முட்டைகளையும் இளங்குஞ்சுகளையும் தாய்மீன் வாயினுள் வைத்துக் காக்கும். ஆதலின் மடுவில் திலாப்பியா சில எஞ்சியிருப்பதைக் கொண்டு மடு நலமாக உள்ளதென்று கருதலாகாது.

சிறிதளவு நஞ்சும் சிறிதளவு நீரும்

பூச்சிகொல்லிகளிற் சில மீனுக்கு மிகக் கொடியவை. இலங்கையில் 1998 ஆம் ஆண்டில் தடைசெய்யப்பட்ட எந்தோசல்பான் அவற்றுள் ஒன்று. பைரிதிரோயிட்டு வகையைச் சேர்ந்த பூச்சிகொல்லிகளும் அத்தகையவை. இவ்வகை மனிதருக்குப் பிற சில நஞ்சுகளைப்போல அத்துணைக் கொடியதன்று என்பதால், மீனுக்கும் தீங்கற்றதென்று கமக்காரர் சிலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் தவறானது. ஒரு லீற்றர் நீரில் ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு அளவாக இருந்தாலும் மீனைக் கொல்லவல்ல மருந்துகள் இவற்றுள் உள்ளன.

ஒரு கணக்கைப் பார்த்தால் இது விளங்கும். 20 மீற்றர் நீளமும், 10 மீற்றர் அகலமும், சராசரியாக அரை மீற்றர் ஆழமும் உள்ள மடுவில் 100 கனமீற்றர் நீர், அதாவது 1 இலட்சம் லீற்றர் நீர் இருக்கும். மேற்கூறிய அளவுக்கு அந்நீர் முழுவதையும் நஞ்சாக்க, பத்தில் ஒரு கிராம் மருந்துச் சத்தே போதும். தெளித்து முடிந்தபின் தெளிகருவியின் அடியில் எஞ்சும் அரை லீற்றர்க் கலவையில் அதனினும் கூடிய நஞ்சு இருக்கக்கூடும். மாரி வெள்ளத்தில் இவ்வளவு நஞ்சு பெருநீரிற் கலந்து ஐதாகிவிடலாம். கோடை மடுவில் அதற்கு இடமில்லை. மீனுக்கும் தப்பிச் செல்ல வழியில்லை.

நீரிற் சேர்ந்த நஞ்சு முழுவதும் நீரிலேயே நிற்பதில்லை. ஒரு பகுதி அடிச்சேற்றிலும் இலைகுழைகளிலும் ஒட்டிக்கொள்ளும். ஆயின் அச்சேற்றில் வாழும் புழுபூச்சிகளே கெண்டைக்கும் கெளுத்திக்கும் இரையாகின்றன. மீன் சாகாது தப்பினாலும் இரையின்றி மெலியும்.

கத்தரிப் புழுவுக்குச் செய்யத்தக்கது

இனி, வடகரை நண்பரின் கேள்விக்கு வருவோம். கத்தரியின் தண்டையும் காயையும் துளைக்கும் புழு ஒரு சிறு அந்துப்பூச்சியின் குடம்பியாகும். இலையிலும் இளந்தளிரிலும் இடப்பட்ட முட்டையிலிருந்து வெளிவரும் புழு, விரைவிலே தண்டினுள்ளோ காயினுள்ளோ நுழைந்துவிடுகின்றது. உள்ளே சென்ற புழுவை மேலே தெளிக்கும் மருந்து எட்டுவதில்லை. இதனாலேதான் அடிக்கடி தெளித்தும் புழு ஒழிவதில்லை; செலவு மாத்திரம் பெருகுகின்றது.

புழுவைக் குறைக்கும் வழிகள் பின்வருமாறு:

வாடித் தொங்கும் தளிர்களைக் கிழமைக்கு ஒருமுறையேனும், துளைக்குக் கீழே வெட்டி எடுத்து, எரித்தல் அல்லது ஆழப் புதைத்தல் வேண்டும். துளையுள்ள காய்களை வரம்பிற் குவித்து வைத்தலாகாது. அவற்றினுள் இருக்கும் புழு மண்ணுக்கு வந்து கூட்டுப்புழுவாகி, மீண்டும் அந்தாகப் பறந்து வரும்.

காய்த்து முடிந்த பழைய செடிகளை உடனே பிடுங்கி அழித்தல் வேண்டும். பழைய தோட்டத்துக்கு அருகிலே புதிய கன்றுகளை நடலாகாது.

ஆண் அந்துகளைக் கவரும் கவர்ச்சிப் பொறிகளைத் தோட்டத்தில் வைக்கலாம். அயலிலுள்ளோர் யாவரும் ஒரே காலத்தில் வைப்பின் பயன் கூடும்.

இவற்றைச் செய்தும் மருந்து தேவைப்படின், போதனாசிரியர் கூறும் மருந்தை, கூறும் அளவில் மாத்திரம் பயன்படுத்தல் வேண்டும். மருந்தின் சுட்டுத்துண்டில் மீனுக்குத் தீங்கானது என்று குறித்திருப்பின், ஆற்றோரத் தோட்டத்தில் அதனைத் தவிர்ப்பதே சிறந்தது.

நெல் வயலில்

நெற்பயிரின் முதல் முப்பது, நாற்பது நாட்களில் இலைதின்னும் புழுக்களைக் கண்டு அஞ்சி மருந்து தெளிப்பவர் பலர். அப்பருவத்தில் இலை ஓரளவு சேதமுற்றாலும் பயிர் புதிய மட்டங்களையும் இலைகளையும் விட்டுத் தேறிவிடும். விளைவு பெரும்பாலும் குறைவதில்லை. அக்காலத்திற் பரவலாக நஞ்சு தெளிப்பின், வயலிலுள்ள சிலந்திகளும் பிற நன்மை தரும் பூச்சிகளும் இறந்துபோகும். கபிலநிறத் தத்தியின் பெருக்கத்தை அடக்கி வைப்பவை இவையே. இவை அழிந்த வயலில் தத்தி பெருகுவதும், அதற்காக மீண்டும் மருந்து வாங்குவதும் பல கமக்காரர் கண்ட அனுபவம். யூரியாவை அளவுக்கு மிஞ்சி இடுவதும் தத்தி பெருக இடமளிக்கும்.

ஆதலின், தெளிப்பதற்கு முன்னர் வயலில் இறங்கிப் பயிரின் அடித்தண்டை விலக்கிப் பார்த்தல் வேண்டும். தத்தி எத்தனை, சிலந்தி எத்தனை என்று அறிந்தபின் முடிவு செய்தல் வேண்டும். தெளிக்க நேரின், முதலில் வயலிலிருந்து நீர் வெளியேறும் வாயை மண்ணிட்டு அடைத்து, சுட்டுத்துண்டிற் கூறப்பட்ட நாட்கள் கழியும்வரை நீரை வெளியே விடாதிருத்தல் வேண்டும். வானம் இருண்டு மழை வருமெனத் தோன்றும் நாளில் தெளித்தலாகாது. மருந்தும் வீணாகும், ஓடையும் கெடும்.

ஆற்றோரத் தோட்டத்தில்

தெளிகருவியை மடுவிலோ, வாய்க்காலிலோ, கிணற்றருகிலோ கழுவுதல் ஒருபோதும் கூடாது. வேண்டிய நீரை வாளியில் எடுத்துச் சென்று தோட்டத்தினுள்ளேயே கழுவி, கழுவிய நீரைத் தெளித்த பயிரின்மீதே தெளித்துவிடல் வேண்டும். நிலத்தின் அளவுக்குத் தக்கவாறு கலவையைக் கலந்தால் மிச்சம் இருக்காது.

வெறுமையான மருந்துப் போத்தலை மும்முறை நீரூற்றிக் குலுக்கி, அந்நீரைத் தெளிகருவியிலேயே ஊற்றிக்கொள்ளல் வேண்டும். பின்னர் போத்தலைத் துளையிட்டு, வேறெதற்கும் பயன்படாதவாறு செய்தல் வேண்டும்.

தோட்டத்துக்கும் ஆற்றுக்கும் இடையே சில மீற்றர் அகலமான நிலத்தைப் பயிரிடாது புல்லும் பற்றையும் வளர விடுதல் நன்று. மழைநீர் அடித்துவரும் மண்ணையும் மருந்தையும் அது ஓரளவு தடுத்து நிறுத்தும். கரையிலுள்ள மருத மரங்களை வெட்டலாகாது. அவற்றின் வேர் கரையைக் காக்கும். நிழல் மடுவைக் குளிர்மையாக வைத்திருக்கும்.

நீரிறைக்கும் இயந்திரத்தால் மடுவை அடிவரை வற்றச் செய்தலும் தகாது. நஞ்சையோ வெடியையோ பயன்படுத்தி மீன்பிடித்தல் 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் உயிரின வளங்கள் சட்டத்தினால் தடைசெய்யப்பட்டுள்ளது. அவ்வாறு பிடித்த மீன் உண்பவருக்கும் கேடாகும்.

இவற்றை ஒருவர் மாத்திரம் செய்தாற் போதாது. ஆற்று நீர் ஒருவருடைய காணிக்கு மாத்திரம் உரியதன்று. எனவே நண்பர்கள் இருவரும் காலபோகத்துக்கு முன்னர் தத்தம் கரையில் நடைபெற்ற பயிர்ச்செய்கைக் கூட்டங்களில் இதனை எடுத்துக் கூறினர். சிலர் நகைத்தனர். மீன்பிடிக்கப் போய்ப் பாடம் படித்து வந்தனரோ என்று ஒருவர் கேட்டார். எனினும் மடுவை அடுத்துத் தோட்டஞ் செய்யும் மூவர், இனி அங்கே தெளிகருவி கழுவுவதில்லை என்று ஒப்புக்கொண்டனர். வடகரை நண்பர் தம் கத்தரித் தோட்டத்தில் வாடிய தளிர்களைக் கிழமைதோறும் வெட்டி எரித்தார். புழு முற்றாக ஒழியவில்லை. ஆயினும் மருந்துக்கான செலவு குறைந்தது. கடனின் தவணையும் தவறவில்லை.

மாசி மாதத்து மடு

ஐப்பசியில் மழை தொடங்கியது. மார்கழியில் மேலேயுள்ள குளங்கள் வான் பாய்ந்தன. ஆறு இரு கரையும் நிறைந்து ஓடியது. வெள்ளத்தோடு மீனும் வந்தது. வாய்க்கால்களில் எதிரேறிய சிறுமீன்களைப் பிள்ளைகள் அத்தாங்கினால் வாரினர். மாசியில் நீர் தெளிந்து இறங்கியபின் நண்பர்கள் மீண்டும் மடுவுக்கு வந்தனர். தென்கரை நண்பர் விராலுக்கென்றே பெரிய முள்ளும், இரைக்குச் சிறு தவளையும் கொண்டுவந்திருந்தார்.

கரையோரப் புல்லின் நிழலில், உள்ளங்கை அகலத்தில் நீர் செந்நிறமாகத் துடித்துக்கொண்டிருந்ததை வடகரை நண்பர் காட்டினார். அவை விராற் குஞ்சுகள். நூற்றுக்கணக்கில் ஒன்றுதிரண்டு, மூச்செடுக்க மேலே வருவதும் கீழே செல்வதுமாக இருந்தன. அவற்றின் அடியில் கருநிழல்போல ஒரு பெருவிரால் நின்றது.

குஞ்சு காக்கும் விராலைப் பிடிப்பது எளிது. குஞ்சுகளுக்கு அண்மையில் எது விழுந்தாலும் அது பாய்ந்து தாக்கும், முள்ளையும் கவ்விக்கொள்ளும். ஆனால் காவல்மீன் போனபின் குஞ்சுகளைப் பிற மீன்களும் பறவைகளும் தின்றுவிடும். ஒரு மீனைப் பிடிப்பவர் அடுத்த ஆண்டுக்குரிய மீன் முழுவதையும் இழக்கின்றார்.

தென்கரை நண்பர் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்த மீனை எண்ணியிருந்தவர். தூண்டிலைக் கையிற் பிடித்தபடியே அவர் சிறிது நேரம் நின்றார். பின்னர் தவளையைப் புல்லில் விட்டு, நூலைச் சுற்றிக்கொண்டார்.

“இது நிற்கட்டும், மச்சான்,” என்றார். இருவரும் மடுவின் மறுகோடிக்குச் சென்று, மண்புழுவைக் கோத்துத் தூண்டிலிட்டனர். அன்று நான்கு திலாப்பியாவும் இரண்டு கெண்டையும் கிடைத்தன. அவற்றைச் சமமாகப் பங்கிட்டுக்கொண்டு, ஒருவர் வடகரைக்கும் மற்றவர் தென்கரைக்கும் ஏறினர்.

ஒரு போகத்தில் ஆறு திருந்திவிட்டதென்று கொள்ளலாகாது. மீனைக் கொண்டுவந்தது மேலிருந்து வந்த வெள்ளமே. ஆயினும் வந்த மீன் தங்கிக் குஞ்சு பொரிப்பதற்கு அவ்வாண்டில் அம்மடுவில் இடமிருந்தது. அந்த இடத்தை விட்டுக்கொடுத்தல் கமக்காரரின் கையிலேயே உள்ளது. தெளிகருவியைக் கழுவத் தூக்கும் ஒவ்வொரு முறையும், கழுவிய நீர் எங்கே போய்ச் சேரும் என்பதை அவர் முதலிற் பார்த்துக்கொள்வாராக.